ஒரு வேலைக்கு ஒரு பெயர்
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

போன கோடையில் சம்ப் சுத்தம் செய்வதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பேசினோம். ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று விட்டுவிட்டோம். தண்ணீர் நாறிய பிறகுதான் விழித்தோம்.

ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் உங்களில் பலருக்குக் கான்பான் அட்டை தெரிந்திருக்கும். ஜப்பானில் டொயோட்டா உருவாக்கிய முறை அது. 2011இல் வந்த ட்ரெல்லோவும், நம் தமிழ்நாட்டு ஜோஹோ ப்ராஜெக்ட்ஸும் அதே அட்டையைக் கைபேசியில் தருகின்றன. செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என மூன்று வரிசை. ஒவ்வொரு அட்டையிலும் பொறுப்பாளர் ஒருவர், முடிக்க ஒரு தேதி. பில், போட்டோ எல்லாம் அதிலேயே இருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து வருபவரும் யாரையும் எழுப்பாமல் நிலவரம் பார்க்கலாம்.

செயலி நினைவூட்டும், வேலையை நாம்தான் செய்ய வேண்டும். அடுத்த கோடைக்குள் வீட்டுக்கு ஒரு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சம்ப் அட்டையில் என் பெயரைப் போட்டுவிட்டேன்.