கொடுத்துச் சிவந்த கை



சேரமன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதன் ஒருநாள் கபிலருடைய கையைப் பற்றி, அதன் மென்மையை வியந்தபோது, யானையை அடக்கியும், குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தும், வில்லை வளைத்தும், இரவலர்க்கு வாரி வழங்கியும் உழைப்பதால் உன் கை வலிதாயிற்று, நீ அளிக்கும் சோற்றையும் கறியையும் உண்பதன்றி வேறு தொழில் அறியாமையால் என் கை மெலிதாயிற்று என்று அப்புலவர் பெருமான் ஒளிக்காமல் உரைத்ததைப் புறநானூற்றின் 14ஆம் பாட்டில் காண்கிறோம்.

அப்பாட்டைப் படிக்குந்தோறும் என் தாயாரின் கையே என் நினைவுக்கு வருகிறது. விடியுமுன் சாணம் கரைத்து வாசல் தெளிப்பதில் தொடங்கி, புளியும் சாம்பலும் இட்டுத் தேங்காய் நாரால் பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கி, சவுக்காரக் கட்டியைத் தேய்த்துக் குடும்பத்தின் துணி முழுவதையும் கும்மி முடிப்பதற்குள், அந்த உள்ளங்கை செக்கச் செவேலென்று ஆகிவிடும். மார்கழியில் விரல்நுனிகள் வெடித்து, மிளகாய் அரைக்கையில் அவ்வெடிப்பில் காரம் இறங்கும்; வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லாமல், கையை ஒருமுறை உதறிவிட்டு, மறுபடியும் குழவியைப் பற்றுவார்.

மனிதரின் தோல் இயற்கையில் சிறிது அமிலத்தன்மை உடையது. சவுக்காரமோ காரத்தன்மை உடையது. நாள்தோறும் அதில் ஊறும் கையில், தோலைக் காக்கும் எண்ணெய்ப்பசை கரைந்து, சிவப்பும் வெடிப்பும் எரிச்சலும் உண்டாகின்றன. சில நாள் ஓய்வு கிடைத்தால் அத்தோல் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும். அந்த ஓய்வு எங்கே? 2019ஆம் ஆண்டில் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது சராசரி 299 நிமிஷம். ஆடவர் 97 நிமிஷம். ஆடவருள் அவ்வேலையில் கைவைப்பவரே நூற்றுக்கு 26 பேர்தாம்.

வள்ளல்களின் கையைக் கொடுத்துச் சிவந்த கை என்று போற்றுவது தமிழர் மரபு. வேளை தவறாமல் சோறு கொடுத்து, உடுத்த வெளுத்த துணி கொடுத்து, தன் ஆயுளையே கொடுத்துச் சிவந்த கைக்கு அப்பெயர் உரியதன்றோ? ஆயினும் புகழ்மொழி வெடிப்பை ஆற்றாது. கபிலர் தம் கை மென்மையின் காரணத்தை ஒப்புக்கொண்டார். நாம் அவ்வளவில் நின்றுவிடலாகாது. இன்றிரவு வீடு திரும்பியதும், உண்ட தட்டை நாமே கழுவி வைப்போம். நாளைக் காலையில் துணி வாளியை நாமே தூக்குவோம். வெடித்த அக்கையில் இரவு தடவும் தேங்காயெண்ணெய் பலன் தர வேண்டுமானால், விடிந்ததும் அந்தக் கைக்கு முன்னே நம் கை தண்ணீரில் இறங்க வேண்டும்.