சட்டம் எழுதும்போது நம்ம வீடும் கண்ணுக்குத் தெரியணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு, சட்டசபைக்குப் போகும் பெண்களுக்குப் பயிற்சி. நான் பத்தாவது வரை படிச்சவள். வக்கீல் இல்லை. அதனால் எனக்குப் புரிந்த மாதிரிதான் சொல்லப் போகிறேன்.

நம்ம தமிழ்நாடு சட்டசபையில் மொத்தம் 234 இடம். 2021 தேர்தலில் ஜெயிச்ச பெண்கள் 12 பேர். ஓட்டுப் போடும் வரிசையில் நாமதான் பாதி. அப்போ உள்ளே போனது 12 பேர். 2023 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. மக்களவையிலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி பிரிக்கிற வேலையும் முடிந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதியிருக்கு. வந்தால் 234ல் மூன்றில் ஒரு பங்கு 78. பன்னிரண்டு எங்கே, எழுபத்தெட்டு எங்கே! அந்தப் புது எம்.எல்.ஏ. நம்ம குழுவில் இருந்தும் போகலாம்.

போனால் மட்டும் போதுமா என்பதுதான் கேள்வி. நம்ம குழுவை ஆரம்பிச்ச நாளை நினைச்சுப் பாருங்க. தீர்மான நோட்டு எப்படி எழுதுவது, உள்கடன் யாருக்கு முதல்ல கொடுப்பது, எதுவும் தெரியாது. பயிற்சி கொடுத்தாங்க, கத்துக்கிட்டோம். இப்போ பேங்க் மேனேஜர்கிட்ட நாமே பேசுறோம். சட்டம் எழுதுவதும் அதே மாதிரி பழகுற வேலைதான். தேசிய மகளிர் ஆணையம் 2021 டிசம்பரில் ஊராட்சி உறுப்பினர் முதல் எம்.பி. வரை பெண் பிரதிநிதிகளுக்கு என்றே ஒரு பயிற்சித் திட்டம் ஆரம்பிச்சது.

"பெண்ணாப் பிறந்தவளுக்குப் பெண் கஷ்டம் தெரியாதா, அதுக்கு எதுக்குப் பயிற்சி?" என்று சிலர் கேட்பாங்க. அதுக்கு ஒரு பெரியம்மா கதையைச் சொல்றேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நம்மில் பல பேர் பிள்ளை பெத்தப்போ வாங்கின மகப்பேறு உதவித்தொகை இவர் பேரில் இருப்பதுதான். சென்னை மாகாண சட்ட மேலவைக்குள் போன முதல் பெண் இவர். 1927ல் அங்கே போய், துணைத் தலைவராகவும் ஆனார். பெண் பிள்ளைகளுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டி விடுகிற வழக்கத்தை ஒழிக்கணும்னு போராடினார். அவருடைய அம்மா அந்த வழக்கம் இருந்த சமூகத்தில் பிறந்தவர். அந்த வலி வீட்டிலேயே தெரியும். ஆனாலும் முழுத் தடைச் சட்டம் வந்தது 1947ல்தான். இருபது வருஷம்! வலி தெரிஞ்சா மட்டும் பத்தாது. மசோதா எப்படிக் கொடுப்பது, எதிர்த்துப் பேசுறவங்களுக்கு என்ன பதில் சொல்வது, வந்த சட்டத்தில் எந்த வரி ஓட்டை என்று எல்லாம் தெரியணும்.

ஒரு வரி என்ன செய்யும் என்று எங்க வீட்டிலேயே பார்த்தேன். 1989ல் தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனா அதில் ஒரு வரி. அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னாடியே கல்யாணம் ஆன பெண்ணுக்குக் கிடையாது. எங்க அம்மாவுக்குக் கல்யாணம் 1987ல். சித்திக்கு 1991ல். ஒரே தாத்தா, ஒரே பூர்வீக நிலம். 1998ல் பாகம் பிரிச்சுப் பத்திரம் போட்டப்போ சித்திக்குப் பங்கு வந்தது, அம்மாவுக்கு வரலை. 2005ல் மத்திய சட்டத்தைத் திருத்தினப்போ அந்தக் கல்யாணத் தேதிக் கணக்கு இல்லை. ஆனா 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி பதிவு செய்த பாகப்பிரிவினையைத் தொட முடியாது. எங்க அம்மாவுக்கு அதுவும் போச்சு. யாரும் அம்மாவை ஏமாத்தலை. சட்டத்தில் இருந்த ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியைப் படிக்கும்போதே "அப்போ மூத்தவளுக்கு?" என்று சபையில் எழுந்து கேட்க ஆள் வேணும். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதுதான் பயிற்சி.

நல்லபடி எழுதின சட்டமும் இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி நான் ரெண்டு வருஷம் ஒரு ஜவுளிக் கடையில் நின்னேன். வேலை பார்த்தேன் என்று சொல்றதை விட நின்னேன் என்று சொல்வதுதான் சரி. காலையில் இருந்து ராத்திரி வரை உட்காரக் கூடாது. வீட்டுக்கு வரும்போது கணுக்கால் வீங்கியிருக்கும். கேரளாவில் கோழிக்கோடு கடைப் பெண்கள் இதுக்காகவே போராடி 2018ல் அங்கே சட்டம் திருத்தினாங்க. 2021 செப்டம்பரில் நம்ம சட்டசபையிலும், கடையில் வேலை செய்கிறவங்களுக்கு உட்கார இருக்கை போடணும் என்று திருத்தம் நிறைவேறியது. நம்ம சபையில் அதைக் கொண்டு வந்தது ஒரு ஆண் அமைச்சர். அதனால இந்தப் பயிற்சி பெண்களுக்கு மட்டும் இல்லை, ஆண் எம்.எல்.ஏ.க்களுக்கும் வேணும். பாதிக்கப்பட்டவங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேட்டா யார் வேணும்னாலும் நல்ல சட்டம் எழுதலாம்.

இன்னொன்னு. 2005ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலை நடக்கிற இடத்தில் ஆறு வயசுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதுக்கு மேலேயோ இருந்தா, அவங்களைப் பார்த்துக்க ஒரு பெண்ணை வைக்கணும், அவளுக்கும் கூலி உண்டு என்று எழுதினாங்க. குழந்தையைப் பார்த்துக்கிறதும் வேலைதான் என்று சட்டமே ஒத்துக்கிட்டது! இது எத்தனை இடத்தில் நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அதனால எழுதினதோட விடாம, நடக்குதா என்று பார்க்கவும் எம்.எல்.ஏ.வுக்குத் தெரியணும். அதுக்குச் சட்டசபையில் கேள்வி நேரம் இருக்கு. துறை துறையாப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதம் இருக்கு. அங்கே எழுந்து கேட்கலாம்.

எந்தச் சட்டம் வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் நாலு எழுதி வச்சிருக்கேன்.

ஒன்று, இதனால் பெண்ணுக்கு வேலைப் பளு கூடுமா, குறையுமா?

இரண்டு, பட்டா, பத்திரம், பேங்க் கணக்கு யார் பேரில் இருக்கும்?

மூன்று, விதவை, கணவர் விட்டுப் போனவர், மாற்றுத்திறனாளி, கல்யாணம் ஆகாதவர் என்று யாராவது விட்டுப் போயிருக்காங்களா?

நாலு, நடக்கலைன்னா யார்கிட்ட புகார் கொடுப்பது, அதுக்குப் பணம் ஒதுக்கியிருக்கா?

இந்த நாலும் கிராம சபைக்கும் பொருந்தும். நம்ம உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016லேயே சட்டம் வந்தாச்சு. வார்டு உறுப்பினர் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழகினவள், சட்டசபையில் எழுந்து நிற்கப் பயப்பட மாட்டாள்.

அதனால கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் மூன்று. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க நினைக்கும் நம்ம உறுப்பினர்களுக்குத் தேர்தலுக்கு முன்னாடியே பயிற்சி வைக்கணும். ஜெயிச்ச பிறகு வச்சா, அதுக்குள்ளே நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். (சிரிப்பு) அடுத்தது, ஓட்டுக் கேட்டு வரும் எல்லாக் கட்சி வேட்பாளர்கிட்டயும், ஆணோ பெண்ணோ, இந்த நாலு கேள்வியையும் கேட்கணும். மூன்றாவது, மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஏதாவது ஒரு சட்டத்தை வாசிச்சு, நமக்கு அதில் எது விட்டுப் போச்சு என்று தீர்மான நோட்டில் எழுதி எம்.எல்.ஏ.வுக்கு அனுப்பணும்.

எங்க குழுவில் வர்ற மாதமே சொத்துச் சட்டத்தை வாசிக்கிறதா முடிவு பண்ணியிருக்கோம். மத்தக் குழுக்களும் ஆரம்பிங்க.