கணவர் மும்பையில், மனைவி பெங்களூரில்: வரி யாருக்கு?



கர்நாடகத்தின் வடக்கே, கலபுரகி பக்கம் ஒரு கிராமம். அங்கே ஒரு குடும்பம். மழை பொய்த்தது. கடன் ஏறியது. கணவர் மும்பைக்குப் போனார். ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். மாதம் 18,000 ரூபாய் சம்பளம். மனைவி பெங்களூருக்குப் போனார். துணி தைக்கும் கம்பெனியில் வேலை. மாதம் 16,000 ரூபாய். பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் வளர்கிறார்கள்.

அந்தப் பெண் இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். முன்பெல்லாம் சம்பளச் சீட்டை வாங்கியதும் மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார். ஒரு நாள் அதைப் பிரித்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பி.எஃப். பிடித்திருந்தது. இ.எஸ்.ஐ. பிடித்திருந்தது. அவை அவருக்குத் தெரியும். அதற்குக் கீழே 'தொழில் வரி 200' என்று இருந்தது. அது என்ன?

பழைய சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தார். எட்டு மாதமாக 200 ரூபாய் போயிருந்தது. மொத்தம் 1,600 ரூபாய்! சின்னவனுக்குச் சீருடையும் நோட்டும் வாங்கியிருக்கலாம்.

அன்று இரவே கணவருக்குப் போன் செய்தார்.

"என்னங்க, உங்களுக்கும் தொழில் வரி பிடிக்கிறாங்களா?"

"ஆமாம். மாசம் 200. ஒரு வீட்டுக்கு ரெண்டு பேர்கிட்டயுமா வாங்குவாங்க?"

பக்கத்து அறையில் இருந்தவர் ஒரு யோசனை சொன்னார். "இருவர் சம்பளத்தையும் சேர்த்தால் 34,000 ரூபாய் ஆகிறது. அதனால்தான் பிடிக்கிறார்கள். எனக்கு 500 ரூபாய் கொடுங்கள். ஒரே ஊரில் கட்டும்படி செய்து தருகிறேன்" என்றார். நல்ல வேளை, அந்தப் பெண் பணம் கொடுக்கவில்லை. அவர் சொன்னது முழுத் தவறு.

வருமான வரி வேறு. தொழில் வரி வேறு.

வருமான வரியை வாங்குவது மத்திய அரசு. எந்த மாநிலத்தில் இருந்தாலும் அதற்கு ஒரே சட்டம்தான். கணவருக்கு ஒரு பான் எண். மனைவிக்கு வேறு பான் எண். இருவர் சம்பளத்தையும் ஒன்றாகக் கூட்டுவதில்லை. கணவர் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணம் மனைவியின் வருமானம் ஆகாது. 2025 ஏப்ரல் முதல் உள்ள புதிய முறைப்படி, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு வருமான வரி இல்லை. ஆகவே இந்த இருவருக்கும் அந்தக் கவலையே இல்லை.

தொழில் வரியை மாநிலங்கள் போடுகின்றன. அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. முதலில் ஆண்டுக்கு 250 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று இருந்தது. 1988இல் அதை 2,500 ரூபாய் ஆக்கினார்கள். தில்லியிலும் அரியானாவிலும் இந்த வரி கிடையாது. தமிழ்நாட்டில் நகராட்சி, ஊராட்சி போன்றவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்குகின்றன. இப்படி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சொந்த ஊர் எது என்று இதில் பார்ப்பதில்லை. கல்யாணம் ஆனவரா என்றும் பார்ப்பதில்லை. வேலை எங்கே, சம்பளம் எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள். கம்பெனியில் வேலை செய்பவருக்குக் கம்பெனியே பிடித்துக் கட்டிவிடும். சொந்தத் தொழில் செய்பவர் தாமே பதிவு செய்து கட்ட வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஆணுக்கு மாதம் 200 ரூபாய் வரி. பிப்ரவரியில் மட்டும் 300 ரூபாய். ஆக, கணவருக்குப் பிடித்தது சரிதான்.

கர்நாடகத்தில் கதை வேறு. அங்கே 2023 ஏப்ரல் முதல், மாதச் சம்பளம் 25,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் தொழில் வரி இல்லை. அதற்கு முன் 15,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால்தான் விலக்கு. கம்பெனிக் கணக்கர் பழைய கணக்கிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் எட்டுச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். கூடவே தம் கையால் எழுதிய மனு. எழுத்துக் கொஞ்சம் கோணல்தான். கேட்க வேண்டியது எல்லாம் அதில் இருந்தது.

"உங்க வீட்டுக்காரரும் சம்பாதிக்கிறார் இல்லையாம்மா?" என்றார் கணக்கர்.

"அவர் வரியை அவர் கட்டுறார் சார். என் சம்பளம் 16,000. எனக்கு என்ன சட்டமோ அதைப் பாருங்க."

கணக்கர் பார்த்தார். அடுத்த மாதமே பிடித்தம் நின்றது. பழைய 1,600 ரூபாய் அவ்வளவு சுலபமாக வரவில்லை. இன்னும் இரண்டு மனு எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு நகல் எடுத்து, அதில் கம்பெனி முத்திரை வாங்கி வைத்துக்கொண்டார். மூன்றாவது மாதம் பணம் சம்பளத்தோடு சேர்ந்து வந்தது.

இப்போது மனைவியும் மும்பைக்கே போகலாமா என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மனைவி அதற்குள் விசாரித்துவிட்டார். மகாராஷ்டிரத்தில் மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கும் பெண்களுக்குத் தொழில் வரி இல்லை.

"அப்போ எனக்கு மட்டும்தானா?" என்று கணவர் போனில் கேட்டார்.

"உங்களுக்கு மட்டும்தான்" என்று சிரித்தார் மனைவி.