தெருமுனையில் புளூபெர்ரிச் செடி

ஓய்வு பெற்றதும் ஊர்ப்பக்கம் போய் நிம்மதியாக இருக்கலாம் என்று பலரும் நினைக்கிறோம். போன பிறகுதான் தெரிகிறது, மாத்திரை வாங்கவும் வண்டி எடுக்க வேண்டும் என்று. பார்வை மங்கி வண்டி ஓட்ட முடியாமல் போனால், வீட்டுக்குள்ளேயே முடங்க வேண்டியதுதான்.

இதற்கு மாறாக, நடந்தே கடைக்குப் போகும்படி அமைத்த கிராமம் ஒன்று அமெரிக்காவில், அட்லான்டா நகருக்குத் தென்மேற்கே இருக்கிறது. பெயர் செரன்பி. ஸ்டீவ் நைக்ரன் என்பவர் 1991-இல் அங்கே ஒரு பழைய பண்ணையை வாங்கினார். நகரம் பெருகி வந்து சுற்றியிருக்கும் காட்டை விழுங்கிவிடுமே என்று பதறி, தாமே ஒரு கிராமத்தைத் திட்டமிட்டார். 2004-இல் குடியேற்றம் தொடங்கியது. வீடுகளை நெருக்கி அமைத்து, பெரும்பகுதி நிலத்தைக் காடாகவும் வயலாகவும் விட்டார்கள். 25 ஏக்கரில் இயற்கைப் பண்ணை. கடையும் உணவகமும் நடக்கிற தூரத்தில்.

தெருவைக் கடக்கும் இடத்தில் புளூபெர்ரிச் செடி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பறித்துத் தின்னலாம். வீட்டு விலைதான் சாதாரண ஓய்வூதியக்காரருக்கு எட்டாது, அது எனக்கு வருத்தமே.

ஆனால் ஒன்று மனதைத் தொட்டது. தபால் பெட்டிகளை வாசலுக்கு வாசல் வைக்காமல் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கடிதம் எடுக்கப் போகிற பெரியவர், வழியில் நாலு பேரிடம் பேசிவிட்டுத்தான் வீடு திரும்புவார்.