சுமையறிந்து வாங்குக

பழவேற்காட்டு ஏரியில் படகு இறக்குமுன், ஆள் எத்தனை, வலை எவ்வளவு என்று மீனவர் கணக்கிடுவர். கணிப்பொறியைத் தாமே பூட்டி அமைப்போரும் அக்கணக்கை மறத்தல் ஆகாது.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் மாணவன் ஒருவன், தந்தை இறால் விற்றுச் சேர்த்த பணத்தில் கணிப்பொறி அமைத்தான். கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ். என்று கூறும் மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் பிடிக்கச் சொன்னவன் நானே. மலிவான 400 வாட் வழங்கி ஒன்றை வாங்கினோம். கடினமான வேலை தொடங்கியதும் பொறி அணைந்து போயிற்று. பன்முறை அவ்வாறே நிகழ்ந்தது.

இருவரும் அமர்ந்து கூட்டினோம். செயலிக்கு 105 வாட், வரைகலை அட்டைக்கு 200, ஏனையவற்றுக்கு 75, ஆக 380. அப்படியாயின் 400 போதாதோ? வழங்கியின்மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தபோதுதான் உண்மை புலனாயிற்று. வீட்டின் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை அது 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. செயலியும் அட்டையும் பெரிதும் உண்பது 12 வோல்ட் வழியில். அவ்வழியின் அளவோ 20 ஆம்பியர். பெருக்கினால் 240 வாட். தேவையோ 305!

12 வோல்ட் வழியில் 40 ஆம்பியர் தரும் 550 வாட் வழங்கியை மாற்றினோம். அது எப்போதும் 550 வாட் உண்ணாது; பொறி கேட்பதற்கேற்பவே மின்சாரம் கொள்ளும். ஆகவே கட்டணம் ஏறும் என்னும் அச்சம் வேண்டா.

என் பிழைக்கு வருந்தினேன். மாணவனின் தந்தை, “ஐயா, நங்கூரத்திலே மிச்சம் பிடிக்கலாங்களா?” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கூட்டிப் பாருங்கள், சீட்டைப் படியுங்கள், பின்னரே வாங்குங்கள்.