ஊன்றுகோல் தந்த பெருமான்





இறைவனின் அழைப்பு என்றவுடன் இனியதொரு குரலையே நாம் எண்ணிக்கொள்கின்றோம். நம்பியாரூரராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கோ அவ்வழைப்பு ஒரு வழக்காக வந்தது. புத்தூரில் மணப்பந்தரில் அமர்ந்திருந்தவரை முதியவேதியர் ஒருவர் தடுத்து, "உன் பாட்டன் எழுதித்தந்த ஆளோலை என்பால் உள்ளது, நீ எனக்கு அடிமை" என்றார். நம்பிகள் நகைத்தார், பித்தனோ என்று இகழ்ந்தார், ஓலையைப் பறித்துக் கிழித்தும் எறிந்தார். கிழிந்தது படியோலையே. மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்பட, பாட்டனார் எழுத்தோடு அஃது ஒத்திருந்தது. தோற்ற நம்பிகள் முதியவரைப் பின்தொடர்ந்தார். அவர் திருவருட்டுறைக் கோயிலுள் புகுந்து மறைந்தார்.

இவ்வரலாறு தாங்கள் அறிந்ததே. ஆட்கொள்ளப்பட்ட பின்னர் நிகழ்ந்த பிழையைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். விரிவுரை செய்வோர் பலர் அதனை விரைந்து கடந்துவிடுவர். சேக்கிழார் பெருமான் கடக்கவில்லை. ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் அதனை விரித்தே பாடியுள்ளார்.

திருவொற்றியூரில் இறைவனுக்குத் திருமாலை தொடுக்கும் தொண்டு பூண்டிருந்தவர் சங்கிலியார். ஞாயிறு என்னும் ஊரில் வேளாளர் குலத்துத் தோன்றியவர். அவரை மணக்க விரும்பிய நம்பிகள், தம் தோழராகிய சிவபெருமானையே துணை வேண்டினார். சங்கிலியார் கனவில் பெருமான் தோன்றியபோது அவ்வம்மையார் ஓர் ஐயத்தை எழுப்பினார். நம்பிகள் திருவாரூரில் மகிழ்ந்து உறைபவராயிற்றே, இங்கே நிலைத்திருப்பாரோ என்பதே அது. பெண்ணைப் பெற்றோர் எவரும் கேட்கும் நியாயமான கேள்வி. பிரியேன் என்று சூளுரைத்துத் தருவான் என்று பெருமான் உறுதி கூறினார்.

நம்பிகள் அப்போது ஒரு சூழ்ச்சி செய்தார். "யான் சந்நிதியில் சூளுரைக்க வரும்போது, தேவரீர் கோயிலை விட்டு மகிழமரத்தின்கீழ் எழுந்தருளியிருத்தல் வேண்டும்" என்று விண்ணப்பித்தார். பெருமானும் இசைந்தார். ஆனால், அவர் சங்கிலியாருக்கும் பெருமான் அல்லரோ? மகிழடியிலேயே சூளுறவு கொள்க என்று அம்மையாரின் கனவில் உணர்த்திவிட்டார். மறுநாள் நம்பிகள் தப்ப வழியின்றி, மகிழமரத்தை மும்முறை வலம்வந்து, "உன்னைப் பிரியேன்" என்று சூளுரைத்தார். இன்றும் திருவொற்றியூர் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடைபெறுகின்றது.

தென்றல் வீசிற்று. திருவாரூர் வசந்தவிழா நெஞ்சில் எழுந்தது. நம்பிகள் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் இரு கண்களும் ஒளி மறைந்தன.

அன்பர்களே, இனிதான் நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம். இருளில் நின்ற நம்பிகள் பாடிய பதிகங்கள் ஏழாம் திருமுறையில் உள்ளன. "யான் செய்யவில்லை" என்று அவர் எங்கும் சொல்லவில்லை. தண்டனையைக் குறித்து வழக்காடுகிறார். குற்றத்தைக் குறித்து வழக்காடவில்லை. திருமுல்லைவாயிலில், சங்கிலியின் பொருட்டே என் கண்ணைக் கொண்டாய் என்று காரணத்தை வெளிப்படையாகவே சொல்கிறார். திருவெண்பாக்கத்தில் அதனினும் ஆழமாகச் சென்று, பிழையிருப்பினும் பொறுத்துக்கொள்வார் என்று எண்ணியே பிழைசெய்தேன் என்னும் கருத்துப்படப் பாடுகிறார். செயலை ஒப்புக்கொள்வது ஓரளவு எளிது. அச்செயலுக்கு முன்னே நெஞ்சு போட்ட கணக்கை ஒப்புக்கொள்வது எளிதன்று. "பார்த்துக்கொள்ளலாம், சுவாமி பொறுப்பார்" என்னும் அக்கணக்கை நாமும் போட்டுவிட்டுத்தான் பரிகாரச் சீட்டு வாங்க வரிசையில் நிற்கின்றோம். நம்மால் தீங்குற்றவரோ அவ்வரிசையில் இருப்பதில்லை. அவர் வீட்டு வாயிலுக்கும் நாம் போவதில்லை.

அவ்வெண்பாக்கத்தில், "கோயிலுள் இருக்கின்றீரோ?" என்று நம்பிகள் வினவ, இருக்கின்றோம், நீர் போகலாம் என்று அயலார்போல் விடை வந்தது. கண் தரவில்லை, ஓர் ஊன்றுகோல் தந்தார். சினந்த நம்பிகள் அக்கோலை எறிய, நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது அவ்வூர்ச் செவிவழிச் செய்தி. மின்னலாய் வழிகாட்டியதால் அங்கே அம்மைக்கு மின்னொளியம்மை என்று பெயர் வந்ததாகவும் கூறுவர். பழைய வெண்பாக்கம் 1944-இல் கட்டிமுடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துள் மறைந்தது. கோயிலைப் பூண்டியில் எடுத்துக் கட்டினர். ஊன்றீசுவரரை அங்கே தரிசிக்கலாம்.

கோல் என்பது நடப்பவனுக்குரியது. போகலாம் என்று சொன்ன வாயே நடக்கத் துணையும் தந்ததை நினைந்தால், அந்த விடையில் அயன்மை இல்லை என்பது புலனாகும். நம்பிகள் நடந்தார். காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் பெற்றார். திருத்துருத்தியில் குளத்தில் மூழ்கி உடற்பிணி நீங்கப்பெற்றார். திருவாரூரில், நீரே வாழ்ந்துபோம் என்று தோழமை உரிமையோடு சினந்தும் பாடி, வலக்கண்ணும் பெற்றார்.

இரு கண்ணும் பெற்றவர், பரவையார் மாளிகைக்கு ஏவலரை முன்னே அனுப்பினார். ஒற்றியூரில் நிகழ்ந்தவற்றைக் கேள்வியுற்றிருந்த பரவையார் வாயில் திறக்கவில்லை. இறைவன் கண் தந்துவிட்டான் என்பதற்காக அவ்வம்மையாரும் பொறுத்தாக வேண்டும் என்பதில்லையே! நள்ளிரவில் நம்பிகள் தோழரை வேண்ட, பெருமான் அருச்சகர் வடிவில் தூது சென்றார். பரவையார் மறுத்தார். பெருமான் திரும்பிவந்து அச்செய்தியைச் சொன்னார். நம்பிகள் மீண்டும் வேண்டினார். அதே இரவில், அதே தெருவில், பெருமான் இரண்டாம் முறையும் நடந்தார்.