மதிப்பெண்ணும் துமுக்கியும்



ஒரு மாணவனுக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தால் என்ன நேரும்? தந்தை சினப்பார், தாய் வருந்துவாள், அடுத்த தேர்வில் ஈடு செய்துகொள்வான். 1966-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரியொன்றில் அதே ஐந்து மதிப்பெண்ணை இழந்த இளைஞனோ, வியத்துநாம் மண்ணில் துமுக்கி ஏந்தி நிற்க நேர்ந்திருக்கலாம்!

அந்நாளில் அங்குக் கட்டாயப் படைச்சேர்ப்பு இருந்தது. கல்லூரியில் படிப்போர்க்கு விலக்களித்திருந்தனர். போர் பெருகி ஆள் போதாமற் போகவே, வகுப்பில் பின்தங்கியோரின் விலக்கை நீக்க வழி வகுத்தனர். மாணவர் தரவரிசைப் பட்டியல் படைச்சேர்ப்புக் குழுவின் கைக்குப் போயிற்று. திருத்திய தாள் உயிரை எடைபோடும் கோலாயிற்று! அப்பட்டியலை அனுப்பலாகாது என்று சிக்காகோ பல்கலைக்கழக மாணவர் 1966 மே திங்களில் ஆட்சிக் கட்டடத்துள் புகுந்து அமர்ந்தனர். மதிப்பெண் இடவே மறுத்த ஆசிரியரும் உண்டு.

அதற்கும் ஓராண்டு முன்னரே, மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிலர் போரை எதிர்த்து வகுப்புகளை நிறுத்த எண்ணினர். ஆட்சியாளர் சீறினர். 'நிறுத்துவானேன்? கூடுதலாகக் கற்பிப்போம்' என்று அவர்கள் கருத்தை மாற்றிக்கொண்டனர். 1965 மார்ச்சு 24 இரவு தொடங்கி விடியும்வரை வியத்துநாமின் வரலாறும் போரின் அடிப்படையும் பாடமாயின. மூவாயிரவருக்கு மேல் கூடினர். வெடிகுண்டு மிரட்டல் வந்தும் கலைந்தாரில்லை. ஆசிரியன் கைக்கருவி பாடமே என்பதை இதனினும் விளக்கமாக எவர் காட்டினார்?

ஆனால், கல்லூரி மதிலுக்கு வெளியே கருத்து வேறாக இருந்தது. 1970 ஏப்பிரல் 30-இல் குடியரசுத் தலைவர் நிக்சன் கம்போதியாவுக்குள் படை புகுந்ததை அறிவித்தார். கல்லூரிகள் கொதித்தன. ஒகையோ மாநிலத்துக் கெண்டு பல்கலைக்கழகத்தில் படைப்பயிற்சிக் கட்டடம் எரிந்தது. நாட்டுக் காவற்படை வந்திறங்கியது. மே 4 நண்பகல், பதின்மூன்று நொடிகளில் அறுபதுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. நால்வர் மாண்டனர், ஒன்பதின்மர் புண்பட்டனர். மாண்டவருள் மிக அருகில் நின்றவரே 265 அடித் தொலைவில் இருந்தார். இருவர் கிளர்ச்சியிற் கலவாமல் திடல்வழியே போய்க்கொண்டிருந்தவர்.

நாடு என்ன சொல்லிற்று? கருத்துக் கணிப்பில் 58 விழுக்காட்டினர் மாணவர்மேல் பழி போட்டனர். காவற்படையைக் குறை கூறியோர் 11 விழுக்காட்டினரே! மே 8-இல் நியூயார்க்கு நகரில் போரை எதிர்த்த மாணவரைக் கட்டடத் தொழிலாளர் அடித்து நொறுக்கினர். இதனை வெறும் அறியாமை என்று தள்ளிவிடலாகாது. கல்லூரி வாயிலை மிதியாத ஏழைத் தொழிலாளியின் மகனுக்கு விலக்கேது? அவன் போர்முனையில் நின்றான்; விலக்குப் பெற்றவன் வீதியில் நின்று அப்போரைப் பழித்தான். பழிப்பு அறமே ஆயினும், மகனை அனுப்பிய வீட்டில் அது கசந்தது. அத்திங்களிலேயே சாக்சன் மாநிலக் கல்லூரியில் கருப்பின இளைஞர் இருவர் காவலர் குண்டுக்கு இரையாயினர். அதனைப் பற்றி நாடு பேசியது மிகக் குறைவு.

அரசு அமைத்த ஆய்வுக் குழு, கெண்டில் சுட்டது முறையற்றது என்றது. தண்டனை பெற்ற காவலர் ஒருவருமிலர். 1979-இல் 6,75,000 தாலர் இழப்பீடும், வருத்தம் தெரிவித்த அறிக்கையும் வந்தன.

அந்நண்பகலின் எஞ்சிய பகுதியையும் ஆசிரியர்கள் அறிதல் வேண்டும். திடலில் நூற்றுக்கணக்கான மாணவர் சினந்து, நகர மறுத்து அமர்ந்துவிட்டனர். படை மீண்டும் நெருங்க அணியமாயிற்று. கிளென் பிராங்கு என்னும் மண்ணியல் பேராசிரியர் இடையே ஓடிப் படைத்தலைவரிடம் சற்றுப் பொழுது கேட்டார். பின் மாணவர்பால் திரும்பினார். குரல் உடைய, கண்ணீர் வழிய, கலைந்து போகும்படி மன்றாடினார். நெடுநேரம் கெஞ்சினார். ஒருவர்பின் ஒருவராக அவர்கள் எழுந்து போனார்கள்.